அமைதியான நீரில் துடுப்பு

வேலூரை ஒட்டிச் செல்வது பாலாறு. ஆனால் ஆண்டில் பெரும்பாலான நாட்களில் அங்கே நீங்கள் காண்பது வெறும் மணலைத்தான். அப்படியானால், இப்பகுதியில் துடுப்புப் போடத்தக்க அமைதியான நீர் எங்கே இருக்கிறது? மனிதர் தேக்கிய இடங்களில்தான். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த வேலூர்க் கோட்டையின் அகழி, குடியாத்தத்தை அடுத்த மோர்தானா அணை, காவேரிப்பாக்கம் ஏரி, ஏலகிரி மலைமேல் உள்ள புங்கனூர் ஏரி ஆகியவை அத்தகையவை. இவற்றுள் புங்கனூர் ஏரியில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் படகு விடுகிறார்கள்.

தேங்கிய நீர் எல்லாம் ஒரே அளவு அமைதியாக இருப்பதில்லை. காற்றின் வேகம், அது வீசும் நேரம், நீரின்மேல் அது தடையின்றி ஓடும் தூரம் ஆகிய மூன்றையும் பொறுத்தே அலை எழுகிறது. அகழி குறுகலானது, மதிலும் காற்றைத் தடுக்கிறது. ஆகவே அங்கே சிற்றலைதான். காவேரிப்பாக்கம் போன்ற பரந்த ஏரியிலோ, காற்று புறப்படும் கரையில் நீர் கண்ணாடிபோல் இருக்கும். எதிர்க்கரையில் அதே காற்று அலைகளை மோதவிடும்.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அமைதியான கரையில் ஏறிய படகைக் காற்று மெல்ல மெல்ல நடு ஏரிக்குத் தள்ளிச் சென்றுவிடும். திரும்பும்போதுதான், கை ஓய்ந்த நிலையில், காற்றை எதிர்க்க வேண்டிவரும். எனவே முதலில் காற்றை எதிர்த்துச் செல்லுங்கள்; திரும்பும்போது காற்றே உங்களுக்கு உதவும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் காற்று வலுப்பது வழக்கமாதலால், காலை நேரமே நல்லது.

துடுப்பு எப்படிப் படகைச் செலுத்துகிறது? நீரைப் பின்னால் தள்ளுகிறீர்கள். நீர் உங்களை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். சிறு படகில் எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, படகு எளிதில் கவிழும். ஆகவே உட்கார்ந்தே துடுப்புப் போட வேண்டும்.

கவிழ்ந்தால் என்ன ஆகும்? உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்தியே. ஆதலால் நீருக்குள் இருக்கும் உடலின் எடையை அநேகமாக நீரே தாங்கிக்கொள்ளும். தலையை வெளியே நிறுத்த மட்டும் இன்னும் சில கிலோ அளவு தாங்கும் விசை தேவை. ஒரு லிட்டர் நீரை விலக்கினால் ஒரு கிலோ எடை தாங்கப்படும் என்பது ஆர்க்கிமிடீசின் தத்துவம். உயிர்காப்புச் சட்டை செய்வது இதைத்தான். அதன் எடை சிறிது. அது விலக்கும் நீரோ பல லிட்டர்!

அலையில்லாத ஏரியின் அடியில் மண் எடுத்த பள்ளமும், காலை இழுக்கும் சேறும் இருக்கலாம். மேற்பரப்பின் அமைதி ஆழத்தைச் சொல்லாது. ஆகவே நீச்சல் தெரிந்தவராயினும், அனுமதி உள்ள இடத்தில், சட்டையின் வார்களை இறுகக் கட்டிக்கொண்ட பிறகே படகில் ஏறுங்கள்.