கொடைரோட்டிலிருந்து கோலாருக்கு

கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்குபவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேற்கே நிற்கும் மலையைக் காட்டி, "கொடைக்கானல்" என்பார்கள் பலர். வத்தலக்குண்டு வழியாக ஏறும் அந்தச் சாலையின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899-ல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. தூசும் காற்றும் குறைந்த இடத்திலிருந்து சூரியனைப் பார்ப்பதற்காக விஞ்ஞானிகள் மேலே ஏறினார்கள்.

மாணவ நண்பர்களே, நாம் இன்று வேறு சாலையில் போவோம். அதே விஞ்ஞானம் கிட்டத்தட்ட அதே அளவு ஆழத்துக்குக் கீழே இறங்கிய இடம் ஒன்று உண்டு. அதுதான் கோலார் தங்கவயல்.

கொடைரோட்டிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே திரும்புங்கள். திண்டுக்கல், கரூர் கடந்து, வேலூர் என்ற சிற்றூரருகே காவிரியைத் தாண்டி, நாமக்கல், சேலம். பிறகு தொப்பூர்க் கணவாய் ஏறினால் தருமபுரி, கிருஷ்ணகிரி. அங்கிருந்து ஆந்திரத்தின் குப்பம் வழியாகக் கர்நாடகத்துக்குள் நுழைகிறோம். சுமார் 400 கிலோமீட்டர்; ஒரே நாளில் மூன்று மாநிலங்கள்!

ஊரை நெருங்கியதும் சாம்பல் நிறக் குன்றுகள் தெரியும். அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. பாறையை அரைத்துச் சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய கழிவு மேடுகள். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கிய இச்சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கண்டது. 1902-லேயே சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து இங்கு மின்சாரம் வந்துவிட்டது.

சாலை இங்கே முடிகிறது. ஆனால் விஞ்ஞானிகளின் பயணம் முடியவில்லை. கூண்டில் ஏறி மேலும் 2.3 கிலோமீட்டர் கீழே இறங்கினார்கள். எதற்காக?

உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். அண்டக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள்கள் விநாடிக்கு ஒன்றிரண்டு வீதம் அதை ஊடுருவிச் செல்கின்றன. நியூட்ரினோவோ எதனுடனும் எளிதில் மோதாத துகள். மியூவான் மழையில் அதன் அடையாளத்தைத் தேடுவது, திருவிழாக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பைக் கேட்க முயல்வது போலத்தான். கூட்டத்தை வெளியே நிறுத்த ஒரு சுவர் வேண்டும். 2.3 கிலோமீட்டர் பாறையே அந்தச் சுவர்.

அந்த ஆழத்துக்கு மேலிருந்து மிகச் சில மியூவான்களே வந்து சேரும். பக்கவாட்டில் வருவதென்றால் இன்னும் பல மடங்கு பாறையைக் கடக்க வேண்டும். அது மியூவானால் ஆகாது. ஆகவே பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதி அதைப் பிறப்பித்திருக்க வேண்டும்! இதற்காகவே கருவிகளை எதிரெதிர்ச் சுவர்களாக நிறுத்தினார்கள். 1965-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் அடையாளத்தைக் கண்டன. ஏறத்தாழ அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இதே வெற்றி கிட்டியது.

அந்தச் சுவரை விஞ்ஞானிகள் கட்டவில்லை என்பதை மறக்காதீர்கள். வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்புக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய ஆழம் அது. உடல் சூட்டைவிட அதிகமாகத் தகித்த பாறைக்கிடையே வேலை செய்தார்கள். அழுத்தம் தாங்காது பாறை வெடித்தபோது பலர் மாண்டனர். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயால் பலர் வருந்தினர்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பாறையில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் ஆழம் நமக்கு. இறைப்பது நின்றதும் நீர் ஏறி ஆழத்தை எடுத்துக்கொண்டது. இன்று அந்த ஆய்வறைக்குப் போக வழியில்லை. நீங்கள் போனால் கைவிட்ட குழிகளின் பக்கம் செல்லாதீர்கள். ஊரைச் சுற்றிப் பாருங்கள். தெருவில் உங்கள் காதில் விழும் தமிழே, இந்த ஆழத்தை வெட்டியவர்கள் யார் என்று சொல்லும்.