16 போதுமா? 32 வேண்டுமா?
விளையாட்டு லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

காலேஜில் சேர்ந்த பையன் லேப்டாப் கேட்கிறான். சாதாரண லேப்டாப் அல்ல, விளையாட்டு லேப்டாப்! விலை லட்சத்தைத் தொடுகிறது. அப்பா எப்படியோ பணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு கடைக்குப் போகிறார்.

"ரேம் 16 ஜி.பி. போதுமா சார், 32 போட்டுவிடட்டுமா?" என்று கடைக்காரர் கேட்கிறார்.

அப்பா பையனைப் பார்க்கிறார். பையன் "32" என்கிறான்.

எதற்கு 32? கடைக்காரரும் சொல்லவில்லை. பையனும் சொல்லவில்லை. பணம் கொடுக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

உக்கிராண அறை

கல்யாண வீட்டைப் பாருங்கள். மளிகைச் சாமான் எல்லாம் உக்கிராண அறையில் இருக்கும். சமையல்காரர் அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் அடுப்புக்குப் பக்கத்து மேடையில் எடுத்து வைத்துக்கொள்வார். கை நீட்டினால் எடுக்கலாம்.

லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. என்பதுதான் உக்கிராண அறை. ரேம் என்பது பக்கத்து மேடை. விளையாட்டு ஓடும்போது அதற்கு வேண்டிய படங்கள், சத்தங்கள், கணக்குகள் எல்லாம் ரேமில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ரேமில் இருக்கும் ஒன்றை எடுக்க ஆகும் நேரம், ஏறத்தாழ ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு! எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுப்பதென்றால் அதைப்போல் பல நூறு மடங்கு நேரம் ஆகும். ரேம் நிரம்பிவிட்டால் லேப்டாப் உக்கிராண அறைக்கும் அடுப்புக்குமாக ஓடத் தொடங்கும். அப்போதுதான் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. எதிரி சுட்டுவிட்டுப் போன பிறகு நம் ஆள் திரும்பிப் பார்க்கிறான்!

ஆனால், மேடை பெரிதாக இருப்பதால் மட்டும் சோறு சீக்கிரம் வெந்துவிடாது. 16 ஜி.பி.யில் அடங்குகிற விளையாட்டுக்கு 32 ஜி.பி. கொடுத்தாலும் வேகம் ஏறக்குறைய அதேதான். இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

13 கோடி சில்லுகள்!

இன்றைய ரேமுக்கு மூலவர் ராபர்ட் டென்னார்டு. அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரே ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு மின்தேக்கியையும் வைத்து ஒரு துளி தகவலைச் சேமிக்கும் வழியை 1966-ல் கண்டுபிடித்தார். 1968-ல் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் உள்ள மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே விநாடிக்குப் பல தடவை அதை நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் மறந்துபோகும்.

1970-ல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட '1103' என்ற சில்லில் 1,024 துளிகள்தான் அடங்கின. 16 ஜி.பி. வேண்டுமென்றால் அந்தச் சில்லுகள் 13 கோடிக்கு மேல் வேண்டும். இன்று அது ஒரு விரல் நீளப் பட்டையில் அடங்கிவிடுகிறது.

விளையாட்டுகள் கேட்பது என்ன?

ஒவ்வொரு விளையாட்டுக்கும் இவ்வளவு ரேம் வேண்டும் என்று அதைத் தயாரித்தவர்களே அறிவிக்கிறார்கள். அதைப் பார்த்தால் போதும், பாதிச் சந்தேகம் தீரும்.

'கிராண்ட் தெப்ட் ஆட்டோ-5' 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது 4 ஜி.பி. இருந்தால் ஓடும், 8 இருந்தால் நல்லது என்றார்கள். 'சைபர்பங்க் 2077' 2020-ல் வந்தபோது குறைந்தது 8 கேட்டது. 2023-ல் அதே விளையாட்டுக்கு 12 வேண்டும், 16 இருந்தால் நல்லது என்று மாற்றி அறிவித்தார்கள்! 'எல்டன் ரிங்' கேட்பது 12. 'ஹாக்வர்ட்ஸ் லெகசி' குறைந்தபட்சமே 16. 2024-ல் வந்த 'இந்தியானா ஜோன்ஸ்' விளையாட்டு, 32 இருந்தால் நல்லது என்கிறது. அதே ஆண்டு வந்த மைக்ரோசாப்ட் விமான விளையாட்டும் 32 கேட்கிறது. உச்ச நிலைக்கு 64 ஜி.பி. வேண்டுமாம்!

ஆகவே 8 ஜி.பி. லேப்டாப்பை, அதில் இன்னொரு பட்டை போட வழி இல்லையென்றால், யார் சொன்னாலும் வாங்காதீர்கள். 16 இருந்தால் பெரும்பாலான விளையாட்டுகள் ஓடும். பின்னால் இருபது இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, நண்பர்களுடன் பேசிக்கொண்டே விளையாடுகிற பையன் என்றால் 32 வேண்டியிருக்கும். 64 என்பது வீடியோ வெட்டி ஒட்டும் தொழில் செய்கிறவர்கள் போன்றவர்களுக்கு. விளையாட்டுக்காக மட்டும் அதை வாங்குவது, நாலு பேர் வீட்டுக்கு அண்டா வாங்குவது போலத்தான்.

ஒரு பட்டையா, இரண்டு பட்டையா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். 16 ஜி.பி. என்று சொல்லி ஒரே பட்டையாகப் போட்டு விற்பது உண்டு. 8 ஜி.பி. பட்டைகள் இரண்டு இருந்தாலும் 16-தான். இரண்டும் ஒன்றா? இல்லை. இரண்டு பட்டை இருந்தால் தகவல் இரண்டு வழியாக வரும். 'டி.டி.ஆர்.5' வகையில் 5600 வேகமுள்ள ஒரு பட்டை விநாடிக்கு 44.8 ஜி.பி. கொடுக்கும். இரண்டு பட்டையானால் 89.6 ஜி.பி.! தனி கிராபிக்ஸ் சில்லு இல்லாத லேப்டாப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு இடங்கள்தான். இரண்டு 8 போட்டு நிரப்பிவிட்டால், நாளை 32 ஆக்கும்போது இரண்டையும் கழற்றி எறியவேண்டும். ஒரே 16 பட்டையாக இருந்தால் இன்னொரு 16 வாங்கிச் செருகினால் போதும். ஆறு மாதத்துக்குள் நிச்சயம் வாங்கப்போகிறேன் என்பவர் ஒரே பட்டையாக வாங்கலாம். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் இரண்டாக வாங்குவதே நல்லது. அந்த 'அப்புறம்' வருவதில்லை என்பது நமக்குத் தெரியாதா!

பட்டை வாங்கும்போது வகையையும் கவனியுங்கள். 'டி.டி.ஆர்.4' பட்டைக்கு 260 முனைகள். 'டி.டி.ஆர்.5'-க்கு 262. ஒன்று மற்றதன் இடத்தில் நுழையாது. சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து வீட்டில் முழிப்பதில் பயன் இல்லை.

மாற்ற முடியாதது எது?

மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பட்டையும் இல்லை, இடமும் இல்லை. வாங்கும்போது என்ன இருந்ததோ, அதுதான் கடைசிவரை. அப்படிப்பட்டதை வாங்குகிறவர் கையைக் கடித்தாலும் 32 வாங்கிவிடுவது நல்லது.

கிராபிக்ஸ் சில்லுக்குத் தனியாக ஒரு ரேம் உண்டு. விளையாட்டுக்குப் பெரும்பாலும் உயிர்நாடி இதுதான். 'ஆர்.டி.எக்ஸ். 4050' லேப்டாப் சில்லில் அது 6 ஜி.பி. '4060'-ல் 8 ஜி.பி. இதைப் பிற்பாடு கூட்டவே முடியாது. ஆகவே ஒரே விலையில் 32 ஜி.பி. ரேமும் 4050-உம் ஒரு பக்கம், 16 ஜி.பி. ரேமும் 4060-உம் மறுபக்கம் இருந்தால், இரண்டாவதை எடுங்கள். பட்டை செருக இடம் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை ஏறிய கதை

"இப்போது குறைவாக வாங்கு, பிறகு மலிவாகப் போட்டுக்கொள்" என்பதே வெகுகாலமாகச் சொல்லப்பட்ட யோசனை. 2025-ன் கடைசி மாதங்களில் அது கவிழ்ந்தது. செயற்கை அறிவு யந்திரங்களுக்காகப் பெரிய கம்பெனிகள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவித்தன. உலகத்தில் இந்தச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். சில்லறையில் ரேம் பட்டை விலை பல மடங்கு தாவியது. 2025 டிசம்பரில் மைக்ரான், 'க்ரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தது!

ஆகவே கடைக்குப் போகுமுன் தனிப் பட்டையின் அன்றைய விலையை விசாரியுங்கள். 16-க்கும் 32-க்கும் கடைக்காரர் கேட்கும் வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால், அங்கேயே 32 வாங்கிவிடலாம். அதிகமாக இருந்தால் 16-ஓடு வாருங்கள். லேப்டாப்பைத் திறந்து பட்டை போட்டால் உத்தரவாதம் போகுமா என்பதையும் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்வைக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். 'பெர்பார்மன்ஸ்' என்ற பகுதியில் 'மெமரி'யைத் தட்டுங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று காட்டினால் ஓர் இடம் காலி. 'பார்ம் பேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆப் சிப்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் பற்றவைத்த ரகம். நீங்கள் வாங்கும் பெட்டியின் மேல் உள்ள மாடல் எண்ணும் அந்த லேப்டாப்பின் எண்ணும் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்கிறதா என்று பையனைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.