கடல் கடந்தவனுக்கு வீட்டுச் சேமநிதி வேண்டும்

பொருள் தேடிக் கடல் கடப்பது புதுவை மக்களுக்குப் புதிய விஷயமன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே நம்மவர் சைகோனுக்குக் குமாஸ்தாக்களாகவும் வியாபாரிகளாகவும் சென்றனர். ரெயூனியோன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். பிரெஞ்சுப் படையில் சிப்பாய்களாகச் சேர்ந்தனர். ஊரார் 'சொல்தா' என்றழைக்கும் அப்படைவீரர், கடலுக்கப்பால் செய்த ஊழியத்துக்குரிய பென்ஷனைப் புதுவையிலிருந்தபடியே பெற்று வந்ததை யாவரும் அறிவர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி உடன்படிக்கை அமலுக்கு வந்தது. அதன் பின்னரும் அந்தப் பென்ஷன் நின்றுவிடவில்லை. அன்னிய ஆட்சியை நாம் புகழப் புகுந்தோமில்லை. ஆயினும், ஒருவனுடைய உழைப்பின் பயன் கடலையும் ஆட்சி மாற்றத்தையும் தாண்டி அவன் வீடு வந்து சேர முடியும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான அத்தாட்சி வேறு வேண்டுவதில்லை.

இன்று நம் இளைஞர் செல்லும் திசை வேறு. துபாய், தோஹா, குவைத், சிங்கப்பூர், மலேசியா என்று அவர்கள் புறப்படுகின்றனர். ஏன் போகிறாய் என்று எவரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே விடைதான்: "ஒரு வீடு கட்டிவிட வேண்டும்." உழவர்கரை என்ற பெயரில் உழவர் இருக்கின்றனர், ஆனால் அந்த உழவர் நிலமெல்லாம் மனையாகப் பிரிந்துவிட்டது. ரெட்டியார்பாளையத்திலும், மூலக்குளத்திலும், லாஸ்பேட்டையிலும் ஒரு சிறு மனை வாங்குவதும் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாத காரியமாயிற்று. ஆகவேதான் கொத்தனும், தச்சனும், கம்பி கட்டுகிறவனும் அன்னிய தேசத்தில் பிறருடைய மாளிகைகளைக் கட்டப் போகின்றனர்.

அவர்கள் அனுப்பும் பணம் என்னவாகிறது? முதலில் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அடைகிறது. பின்பு அடகிலிருக்கும் நகை மீள்கிறது. தங்கையின் கல்யாணம் நடக்கிறது. தகப்பனாரின் வைத்தியச் செலவு வருகிறது. மிச்சம் ஏதேனும் இருந்தால் அது சீட்டுப் பிடிப்பவரிடமோ மனைத் தரகரிடமோ போய்ச் சேருகிறது. பத்து, பதினைந்து வருஷங்கள் கழித்துத் திரும்பி வருகிறவனுக்கு நரை உண்டு, மூட்டு வலி உண்டு. வீடு மட்டும் பலருக்கு இல்லை. இது அவனுடைய ஊதாரித்தனத்தின் விளைவு என்று சொல்லுவது அநியாயம். மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, பின்னர் வீடு கேட்க உரிமை தரும் ஒரு சர்க்கார் நிதி அவனுக்கு உண்டா என்பதே கேள்வி. சட்டத்தைக் கொண்டே இதை ஆராய்வோம்.

முதலில், அவன் உழைக்கும் தேசத்தைப் பார்ப்போம். ஐக்கிய அரபு நாடுகளின் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவனுக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருஷத்துக்கு 21 நாள் வீதமும், அதற்குமேல் 30 நாள் வீதமும் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். அதற்கப்பால் வீட்டுக்கென ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் 1955-இல் மத்திய சேமநிதி ஏற்பட்டது. 1968 முதல் அங்கத்தினர் அந்நிதியைக் கொண்டே வீடு வாங்க அனுமதிக்கப்பட்டனர். அங்கே குடியுரிமை பெற்ற தமிழர் எத்தனையோ பேர் இந்த வழியில் வீட்டுக்காரர் ஆயினர். ஆனால், அவ்வீடுகளைக் கட்ட இங்கிருந்து வேலை அனுமதியில் செல்லும் தொழிலாளி அந்நிதியில் சேர இயலாது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. மலேசியா 2025 அக்டோபர் மாதச் சம்பளம் முதல் அன்னியத் தொழிலாளரையும் தன் ஊழியர் சேமநிதியில் கட்டாயமாகச் சேர்த்தது. தொழிலாளி நூற்றுக்கு 2, முதலாளி நூற்றுக்கு 2 என்பது விகிதம். நல்ல ஆரம்பம்தான், ஆயினும் இத்தொகையைக் கொண்டு உழவர்கரையில் வீடு எழும்பாது.

இனி நம் தேசத்தைப் பார்ப்போம். 1952-ஆம் வருஷச் சட்டத்தின்படி ஏற்பட்ட தொழிலாளர் வருங்கால வைப்புநிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். ஆனால் அது இந்திய முதலாளி மூலமாகச் செலுத்தப்படுவது; துபாய் முதலாளியிடம் வேலை செய்கிறவன் அதில் ஒரு காசும் செலுத்த முடியாது. பிரான்சு முதலிய தேசங்களுடன் இந்தியா சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்திருக்கிறது. பிரான்சுடன் செய்தது 2011 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. ஆனால் இவை பெரும்பாலும் கம்பெனிகள் அனுப்பும் உத்தியோகஸ்தருக்கே பயன்படுவன. புதிய ஓய்வூதியத் திட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியரும் சேரலாம். ஆயினும் அது முதுமைக்கென ஏற்பட்டது, வீட்டுக்கென அதில் எடுக்கக்கூடியது சிறு பங்கே. பி.பி.எப். என்று ஜனங்கள் அறிந்த பொது வருங்கால வைப்புநிதியிலோ, வெளிநாடுவாழ் இந்தியர் புதுக் கணக்குத் தொடங்கவே கூடாது.

இதிலுள்ள முரண்பாட்டை நேயர்கள் கவனிக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்கத் தடையுண்டு. வீடும் மனையும் வாங்கத் தடையில்லை. அதாவது, வீடு வாங்கத் தகுதியுள்ளவன் என்று ஒப்புக்கொள்ளும் சர்க்கார், அதற்காகத் தன்னிடம் சிறுகச் சிறுகச் சேமிக்க மட்டும் அவன் தகுதியற்றவன் என்கிறது! 2024-ஆம் ஆண்டில் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பு. உலகிலேயே இதுவே அதிகம். இப்பணத்தால் தேசத்தின் அன்னியச் செலாவணி பலப்படுகிறது. அனுப்பியவனுக்கோ ஓட்டு வீடும் நிச்சயமில்லை.

இது தீர்க்க முடியாத பிரச்சினையா? பிலிப்பைன்ஸ் தேசத்தைப் பாருங்கள். அதுவும் நம்மைப்போல் மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் தேசமே. அங்கே 1978-இல் ஒரு வீட்டுச் சேமநிதி தோன்றிற்று. 'பாக்-இபிக்' என்பது அதன் பெயர். அவர்கள் பாஷையில் அச்சொல்லுக்கு அன்பு என்று பொருள். 2009-ஆம் வருஷச் சட்டம், வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பினோக்களையும் அதில் அங்கத்தினராக்கியது. அவர்கள் இருக்கும் ஊரிலிருந்தே பணம் செலுத்தலாம். 24 மாதத் தவணை செலுத்தியவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். அதை 30 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். நிதியின் நிகர வருமானத்தில் நூற்றுக்கு 70-க்குக் குறையாமல் அங்கத்தினருக்கே பங்கிட வேண்டுமென்று அச்சட்டமே விதிக்கிறது. சேமிப்பும் கடன் பெறும் உரிமையும் ஒன்றாய் இணைந்திருப்பதுதான் இதன் சிறப்பு.

"வங்கிகளில் வெளிநாடுவாழ் இந்தியருக்கென வைப்புக் கணக்குகள் உள்ளனவே, அவை போதாவா?" என்று சிலர் கேட்கலாம். போதா. வைப்புத் தொகை இருப்பதனாலேயே வீட்டுக் கடன் கேட்கும் உரிமை பிறந்துவிடாது. வங்கி, சம்பளச் சான்றும், வேலை ஒப்பந்தமும், இங்குள்ளவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமும் கேட்கும். இரண்டாண்டு ஒப்பந்தக்காரனுக்கு அங்கே மதிப்பேது? "இந்தியா இதையும் முயன்று பார்த்ததே" என்று வேறு சிலர் சொல்லலாம். மெய்தான். 2012-இல் மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்ற திட்டம் ஏற்பட்டு, சேர்ந்தவர் மிகக் குறைவாயிருந்தமையால் 2017-இல் நின்றுபோயிற்று. ஆனால் அது வயோதிக காலப் பென்ஷனையும் ஊர் திரும்புவதற்கான சிறு தொகையையும் காட்டிற்றேயன்றி, வீட்டைக் காட்டவில்லை. எதற்காக ஒருவன் ஊரை விட்டுப் போனானோ அதை மறந்த திட்டம் அவன் மனத்தைக் கவராமற் போனதில் வியப்பென்ன?

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவது, இந்திய சர்க்கார் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென ஒரு வீட்டுச் சேமநிதி ஏற்படுத்த வேண்டும். இரண்டாவது, அதில் சேருவது கட்டாயமாயிராமல் அவரவர் விருப்பமாயிருக்க வேண்டும். வேலை இழந்த மாதத்தில் தவணை தவறியதற்காக அபராதம் கூடாது. மூன்றாவது, குறிப்பிட்ட காலம் செலுத்தியவனுக்கு வீட்டுக் கடன் சலுகையாயன்றி உரிமையாய்க் கிடைக்க வேண்டும். நான்காவது, நிதியின் கணக்கு வருஷந்தோறும் வெளியாக வேண்டும். சர்க்கார் தன் வேறு செலவுகளுக்கு அதைத் தொடலாகாது. கேரளம் 2008-இலும் தமிழ்நாடு 2011-இலும் கடல் கடந்த தம் மக்களின் நலனுக்கெனத் தனிச் சட்டம் செய்தன. வீட்டுச் சேமநிதிக்கான குரலை முதலில் எழுப்பும் பெருமையைப் புதுவைச் சட்டசபை அடையட்டும்.

அதுவரை செய்யத்தக்கது ஒன்றுண்டு. பயணம் புறப்படுமுன், இந்தியவாசியாக இருக்கும்போதே பி.பி.எப். கணக்குத் தொடங்கியவர், வெளிநாடு சென்ற பின்னும் 15 ஆண்டு முடியும்வரை அதில் பணம் செலுத்தலாம். அதற்குமேல் நீட்டிக்க முடியாது. தம் வசிப்பு நிலை மாறியதைக் கணக்கு உள்ள கிளைக்குத் தவறாமல் அறிவித்துவிட வேண்டும். 2020 ஏப்ரலில் நிர்ணயித்த, நூற்றுக்கு 7.1 என்ற வட்டி வீதம் கடைசிவரை மாறாதிருப்பதாகக் கொண்டால், மாதம் ரூ. 3,000 செலுத்துகிறவனுக்கு 15 ஆண்டில் அசல் ரூ. 5,40,000 சுமார் ஒன்பதரை லட்சமாகும். இது மாளிகைக்குப் போதாது. ஆனால் மனைக்கு முன்பணமாகும், கந்து வட்டிக்காரன் வாசலை மிதியாமல் காக்கும். இதைப் பாஸ்போர்ட்டு எடுக்கும் பிள்ளைக்கு இன்றே எடுத்துச் சொல்லுவது நம் ஒவ்வொருவர் கடமை.

உழவர்கரையிலுள்ள பொதுஜன ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வார்டிலும் எத்தனை குடும்பங்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குச் சொந்த வீடு உண்டு என்று வீடு வீடாய்ச் சென்று கணக்கெடுங்கள். அக்கணக்கை மனுவோடு சேர்த்துச் சட்டசபை அங்கத்தினரிடமும் பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் கொடுங்கள். வெளிநாட்டிலிருப்பவன் ஊர்வலம் வர இயலாது. ஓட்டுச் சாவடிக்கும் அவன் அநேகமாய் வருவதில்லை. அவனுக்காக இங்குள்ளவர் பேசாவிடில் பேசுவாரில்லை. அவன் அனுப்பும் பணத்தை வரவு வைத்துக்கொள்ளும் தேசம், அவன் திரும்பி வந்து தங்குவதற்கு ஒரு கூரைக்கும் வழி செய்யக் கடமைப்பட்டது.