கிராம சபையில் புகைப்படக் காட்சி

ஊராட்சியில் நடைபெறும் வேலைகளை ஊரார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். இதற்கெனவே கிராம சபை கூடுகிறது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு முதல், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் இதற்கென வகுக்கப்பட்டுள்ளன. அந்நாட்களில் வரவு செலவு விவரம் படிக்கப்படுகிறது. எனினும், காதால் கேட்ட தொகையைக் காட்டிலும் கண்ணால் கண்ட வேலையே மக்கள் மனத்தில் நன்கு பதியும் என்பதில் ஐயமில்லை.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில், பிலிம் சுருளிலுள்ள படங்களை வெள்ளைத் திரையில் விழச் செய்து, நல்விதை, உரம், சுகாதாரம் முதலியவற்றை விளக்கும் முறை வழக்கிலிருந்தது. இன்று அத்தகைய சாதனங்கள் தேவையில்லை. கையிலுள்ள செல்பேசியே படம் எடுக்கிறது. அலுவலகக் கம்ப்யூட்டர் அப்படங்களை வரிசைப்படுத்துகிறது. கூட்டம் நடைபெறும் இடத்திலுள்ள டெலிவிஷன் அவற்றைக் காட்டுகிறது.

ஆயினும், கம்ப்யூட்டரில் அழகாகத் தோன்றிய காட்சி டெலிவிஷனில் அவ்வாறே தோன்றுவதில்லை. படத்தின் ஓரம் மறைகிறது. ஆட்கள் அகன்று தெரிகிறார்கள். எழுத்து சிறுத்துப் போகிறது. சில படங்கள் படுத்த நிலையில் தோன்றுகின்றன. சில திறப்பதேயில்லை. ஏரிக்கரை பலப்படுத்திய வேலையின் படத்தில், வேலையின் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதிய பலகை ஓரத்தில் இருந்தால், முதலில் மறைவது அப்பலகையே. வேலை செவ்வனே நடந்திருந்தும், தொகையைக் காட்டாமல் விட்டதாக ஊரார் எண்ண இடமேற்படுகிறது. இக்குறை நேராவண்ணம் காட்சியைத் தயாரிக்கும் முறையை இங்குக் காண்போம்.

அளவும் வடிவமும்

திரையில் தோன்றும் படம் பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளால் ஆனது. இன்றைய டெலிவிஷன்களில் பெரும்பாலானவை 16க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. அதாவது, அகலம் 16 பங்கானால் உயரம் 9 பங்கு. இவற்றுள் முழு எச்.டி. வகையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. மடிக்கணினிகளிலும் பல இதே விகிதத்தில் அமைந்தவையே.

செல்பேசியில் எடுக்கும் படமோ பெரும்பாலும் 4க்கு 3 என்ற விகிதமுடையது. அதனை அகன்ற திரை முழுவதும் நிரம்பும்படி பெரிதாக்கினால், உயரத்தில் நான்கில் ஒரு பங்கு வெட்டுப்பட்டுப் போகும். வெட்டாமல் இழுத்து நிரப்பினால் மனிதர் பருத்தும் மரங்கள் குட்டையாகவும் தோன்றும். ஆகவே, படத்தை இழுக்கவும் வேண்டா, வெட்டவும் வேண்டா. 1920க்கு 1080 அளவுள்ள கரிய பின்னணியின் நடுவே, படம் முழுவதும் அடங்குமாறு வைத்தல் நலம். அப்பொழுது படம் 1440 புள்ளி அகலம் பெறும். இருபுறமும் 240 புள்ளி அகலத்திற்குக் கருமை நிற்கும். செல்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமாயின் 810 புள்ளி அகலமே கிடைக்கும். திரையில் பாதிக்கு மேல் வீணாகும். எனவே, படமெடுக்கும் பொழுதே செல்பேசியைக் கிடையாகப் பிடித்தல் வேண்டும்.

இவ்வாறு அமைத்த காட்சியைப் பழைய 4க்கு 3 விகிதத் திரையிலோ புரொஜெக்டரிலோ காட்டினாலும், மேலும் கீழும் கருமை தோன்றுமேயன்றிப் படத்தில் எதுவும் குறையாது.

ஓரம் மறைவது ஏன்?

படக்குழாய் வைத்த பழைய டெலிவிஷன்களில் படத்தின் ஓரம் ஒழுங்காக அமைவதில்லை. அக்குறை தெரியாமலிருக்கும் பொருட்டு, படத்தைச் சிறிது பெரிதாக்கி, அதன் ஓரங்கள் சட்டத்திற்கு அப்பால் மறையுமாறு செய்தனர். 2006ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இலவசமாக வழங்கப்பெற்ற வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் படக்குழாய் வகையைச் சேர்ந்தவையே. தட்டைத் திரை வந்த பின்னரும் இவ்வழக்கம் பல பெட்டிகளில் தொடர்கிறது. கம்ப்யூட்டர் திரையில் இவ்வாறு நேர்வதில்லை. ஆதலால், அங்குத் தெரிந்த ஓரம் இங்கு மறைந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, டெலிவிஷனின் பட அமைப்புப் பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றோ 'ஸ்கிரீன் ஃபிட்' என்றோ இவற்றை ஒத்த வேறு பெயரிலோ உள்ள முறையைத் தேர்ந்தெடுத்தல். அதனால் படம் முழுவதும் தோன்றும். இரண்டாவது, எந்தப் பெட்டி கிடைத்தாலும் பயன்படுமாறு, நான்கு பக்கமும் நூற்றுக்கு 5 பங்கு இடம் விட்டுவிடுதல். 1920க்கு 1080 அளவில், இடமும் வலமும் 96 புள்ளிகளும், மேலும் கீழும் 54 புள்ளிகளும் விட வேண்டும். எழுத்து, தொகை, தேதி, முக்கியமான பொருள் ஆகிய யாவும் எஞ்சிய உட்சட்டத்திற்குள் அமைதல் வேண்டும். தகவல் பலகை படத்தின் ஓரத்தில் இருக்குமாயின், அப்பலகையை மட்டும் அருகில் நின்று தனிப்படமாக எடுத்துச் சேர்ப்பது சாலச் சிறந்தது.

எழுத்தும் நிறமும்

கம்ப்யூட்டரை நாம் இரண்டடி தூரத்தில் அமர்ந்து பார்க்கிறோம். டெலிவிஷனையோ பத்து, பதினைந்து அடிக்கு அப்பாலிருந்து பார்க்கிறோம். 43 அங்குலப் பெட்டியில் படத்தின் உயரம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டரே. தமிழ் எழுத்துக்களுக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் குறியும் உண்டு. எழுத்து சிறுத்தால் இவையே முதலில் கலங்கும். எனவே, ஒரு வரியின் உயரம் திரையின் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்குக்கு, அதாவது 72 புள்ளிகளுக்குக் குறையாதிருத்தல் நன்று. ஒரு படத்திற்கு இரண்டு வரிகளே போதும். மெல்லிய கோடுகள் பழைய பெட்டிகளில் துடிப்பது போல் தோன்றும். ஆதலால் சட்டமோ அடிக்கோடோ இடுவதானால் சற்றுத் தடிப்பாக இடுக.

கரிய பட்டையின் மேல் வெள்ளையெழுத்தோ மஞ்சளெழுத்தோ தெளிவாகத் தெரியும். நேராகப் படத்தின் மேல் எழுதினால், வானத்தின் வெண்மையிலும் இலைகளின் நெருக்கத்திலும் எழுத்து மறைந்துவிடும். டெலிவிஷனில் மிகு பளபளப்புக்கான அமைப்பை நீக்கி, சாதாரண அமைப்பை வைத்தால் நிறம் இயல்பாக இருக்கும். பெட்டியைச் சன்னலுக்கு எதிரே வைத்தலாகாது. வெளிச்சம் திரையில் பட்டால் நல்ல படமும் மங்கிவிடும்.

டெலிவிஷன் ஏற்கும் வகையில் அமைத்தல்

பவர்பாயிண்ட், லிப்ரே ஆபீஸ் இம்ப்ரஸ் போன்ற செயலிகளில் காட்சியைத் தயாரிக்கலாம். பின்னது விலையின்றிக் கிடைப்பது. தொடங்கும்பொழுதே பக்க அளவை 16க்கு 9 என வைத்துக்கொள்க. ஆனால் அக்கோப்பை அப்படியே பென் டிரைவில் இட்டு டெலிவிஷனில் செருகினால், பெரும்பாலான பெட்டிகள் அதனைத் திறக்க மாட்டா. வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தாலும், எழுதிய எழுத்துரு அங்கு இல்லையாயின் தமிழ் எழுத்துக்கள் பொருளற்ற குறிகளாக மாறக்கூடும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை நியம முறைகளுள் ஒன்றாக ஏற்றது. பழைய எழுத்துருக்களை விடுத்து ஒருங்குறியிலேயே எழுதுவது இத்தொல்லையைக் குறைக்கும்.

முற்றிலும் தீர்ப்பதற்கு, ஒவ்வொரு பக்கத்தையும் ஜேபெக் படமாக மாற்றிச் சேமித்தல் வேண்டும்; அல்லது, காட்சி முழுவதையும் எம்.பி.4 வீடியோவாக ஆக்குதல் வேண்டும். எழுத்தும் படமும் ஒன்றாகிவிடுவதால் எங்குக் காட்டினும் மாறாது. கேள்வி கேட்கப்படும் இடத்தில் நிறுத்தி விளக்கவும், பின்னோக்கிச் செல்லவும் படங்களே வசதியானவை. தானாகவே ஓடவேண்டிய காட்சிக்கு வீடியோ ஏற்றது.

பென் டிரைவில் இடும்பொழுது கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. பென் டிரைவ் ஃபேட் 32 என்ற முறையில் அமைந்திருந்தால் பெரும்பாலான பெட்டிகள் படிக்கும். அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்குக் குறைந்திருத்தல் வேண்டும்.

2. கோப்புகளுக்கு 001, 002, 003 என மூன்றிலக்கப் பெயர் இடுக. 1, 2, 10 என இட்டால், சில பெட்டிகள் 1க்கு அடுத்துப் பத்தாம் படத்தைக் காட்டிவிடும்.

3. செல்பேசிப் படத்தை நேராகப் பென் டிரைவில் இட்டால் அது படுத்த நிலையில் தோன்றக்கூடும். படம் எப்பக்கம் திரும்ப வேண்டும் என்ற குறிப்பைச் செல்பேசி கோப்பினுள் எழுதிவைக்கிறது. சில பெட்டிகள் அக்குறிப்பைப் படிப்பதில்லை. மேற்கூறியவாறு பக்கமாக அமைத்துச் சேமித்த படத்திற்கு இக்குறை இல்லை.

4. ஒரு படம் எட்டு முதல் பத்து விநாடிகள் வரை நிற்கட்டும். எழுத்தை ஒருவர் உரக்கப் படித்து முடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். 30 படங்கள் ஐந்து நிமிடத்தில் முடியும். அதற்கு மேல் நீட்டினால் விவாதத்திற்கு நேரம் குறையும்.

எச்.டி.எம்.ஐ. கம்பி வாயிலாக மடிக்கணினியையே டெலிவிஷனில் இணைத்தும் காட்டலாம். விண்டோஸ் விசையையும் 'பி' எழுத்து விசையையும் சேர்த்து அழுத்தினால், இரு திரைகளிலும் ஒரே காட்சியைக் காட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

முன்னதாகவே பார்த்தல்

கூட்டத்திற்கு முதல்நாள், காட்டப்போகும் அதே பெட்டியில் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. மன்ற உறுப்பினர் ஒருவர் கடைசி வரிசை அமையும் இடத்தில் நின்று, ஒவ்வொரு தொகையையும் படித்துப் பார்க்க வேண்டும். அவருக்குத் தெரியாதது, மறுநாள் அங்கு அமரும் முதியவருக்கும் தெரியாது.

வேலை தொடங்குமுன் எடுத்த படமும் முடிந்தபின் எடுத்த படமும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை நோக்கி எடுக்கப்பட்டிருந்தால், அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க எவருடைய விளக்கமும் வேண்டியதில்லை. தூர்ந்த வாய்க்காலையும் தூர் வாரிய வாய்க்காலையும் அடுத்தடுத்துக் காணும் விவசாயி, வேலையின் தரத்தைத் தாமே மதிப்பிடுவார். குறையிருப்பின் அதனைச் சுட்டியும் காட்டுவார். அவ்வாறு அவர் கேட்பதற்கு இடமளிப்பதே இக்காட்சியின் பயன். எனவே, காட்சியைக் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்திருக்கும் ஒருவருக்காக அமைக்காமல், டெலிவிஷனுக்கு எட்டத்தில் அமர்ந்திருக்கும் கடைசி மனிதருக்காக அமைத்தல் வேண்டும். அவருக்குத் தெளிவாகத் தெரிவது அனைவருக்கும் தெளிவாகத் தெரியும்.