படத்திலிருந்த பெண் யார்?

திருகோணமலை உள்துறைமுக வீதியில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்த இளைஞர், தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். இணையத்தில் வந்த ‘எஸ்கோர்ட்’ விளம்பரத்தை நம்பி முற்பணம் அனுப்பியிருக்கிறார். அடுத்து ‘பாதுகாப்புக் கட்டணம்’ கேட்டார்கள். மறுத்ததும், குறுஞ்செய்திகளை வீட்டாருக்கு அனுப்புவோம் என்று மிரட்டல். வெட்கத்தில் அவர் பொலிசுக்குப் போகவில்லை. மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது அந்த வெட்கத்தைத்தான்.

சந்திக்கும் முன்பே பணம், கட்டணத்தின் மேல் கட்டணம், அடையாள அட்டைப் படம், அந்தரங்க வீடியோ. இவற்றைக் கேட்டால் அது பணம் பறிக்கும் வலை. மிரட்டலுக்குப் பணம் கொடுத்தால் மேலும் கேட்பார்கள். செய்திகளை அழிக்காமல் வைத்து முறையிடுங்கள்.

பணத்தை இழப்பதைவிடப் பாரதூரமான ஒன்றும் உண்டு. 2021இல் கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இணைய விளம்பரங்கள் மூலம் விற்கப்பட்டது வெளிவந்தது. விற்றவர்கள் மட்டுமல்ல, பணம் கொடுத்துப் போனவர்களும் கைதானார்கள். இலங்கைச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்த சிறுமியின் சம்மதம் சம்மதமே அல்ல.

எப்போதும் வேறொருவரே பேசுவது, வயதைக் கேட்டால் மழுப்புவது, அவரது பணமும் ஆவணங்களும் இன்னொருவர் கையில் இருப்பது, தனியே வெளியே போக முடியாதிருப்பது: இவை ஆட்கடத்தலின் அறிகுறிகள். சிறுவர் என்று சந்தேகித்தால் 1929, அவசரமென்றால் 119.

“மறுமுனையில் பேசியது அந்தப் பெண்ணா?” என்று இளைஞரிடம் கேட்டேன்.

“இல்லை, ஒரு ஆண்.”

படத்திலிருந்தவள் யாரென்று அவர் அதுவரை யோசித்திருக்கவில்லை.