பத்திரிகை படித்துப் படையைக் கணித்தவர்

1950ஆம் ஆண்டு, அக்டோபர் 2ந் தேதி நள்ளிரவு. பீகிங் நகரில் இந்தியத் தூதர் கே. எம். பணிக்கருக்கு அவசர அழைப்பு வந்தது. அழைத்தவர் சீனப் பிரதமர் சூ என் லாய்.

அவர் சொன்னது ஒரே விஷயம். அமெரிக்கப் படை 38வது அட்சரேகையைத் தாண்டி வட கொரியாவுக்குள் புகுந்தால், சீனா சும்மா இராது.

செய்தி வாஷிங்டனுக்குப் போயிற்று. அங்கே நம்பவில்லை! பணிக்கர் சீனாவுக்கு வேண்டியவர் என்று ஒதுக்கிவிட்டார்கள். சில நாட்களில் அமெரிக்கப் படை எல்லையைக் கடந்தது. அக்டோபர் 19ந் தேதி இரவு சீனத் துருப்புகள் யாலு நதியைத் தாண்டின. போர் 1953 ஜூலை வரை நீடித்தது.

இந்தத் தவறு எப்படி நேர்ந்தது? அதைத் துருவி ஆராய்ந்தவர் ஆலன் வைட்டிங் என்ற அமெரிக்க அறிஞர். ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்.

பூட்டிய கதவு

அந்த நாளில் அமெரிக்கர் சீனாவுக்குள் போக முடியாது. ராணுவ ரகசியத்தை யார் கொடுப்பார்கள்? வைட்டிங் சீனப் பத்திரிகைகளைப் படித்தார். வானொலிப் பேச்சுகளைப் படித்தார். எந்தத் தேதியில் எந்தச் சொல் வந்தது? நேற்றுச் சாதாரணமாக இருந்த பேச்சு இன்று ஏன் கடுமையாயிற்று? அதே நாட்களில் படை எங்கே நகர்ந்தது? எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிப் பொருத்தினார்.

1960ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. சூ என் லாய் விடுத்தது வெறும் மிரட்டல் அல்ல. சீனா உண்மையிலேயே அஞ்சியது என்றார். மஞ்சூரியாவின் தொழிற்சாலைகள் எல்லைக்கு அருகே இருந்தன. அவற்றுக்கு மின்சாரம் யாலு நதி அணையிலிருந்து வந்தது. சீனா செய்தது நியாயம் என்பதல்ல அவர் வாதம். எதிரி என்ன நினைக்கிறான் என்று தெரியாமல் முடிவு செய்யக்கூடாது என்பதுதான்.

1961ல் அமெரிக்க வெளிநாட்டு இலாகாவில் சேர்ந்தார். பிறகு ஹாங்காங்கில் துணைத் தூதராக இருந்தார். அதன்பின் கல்லூரிப் பேராசிரியர்.

இந்தியாவைப் பற்றியும்

1975ல் வந்த அவருடைய இன்னொரு புத்தகம் நமக்கு நெருக்கமானது. 1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரை அதில் ஆராய்ந்தார். அந்தக் கோடையிலிருந்தே சீனாவின் கடிதங்களிலும் பத்திரிகைகளிலும் பேச்சு படிப்படியாகச் சூடேறியதை எடுத்துக் காட்டினார். சீனா பெரிய தாக்குதலில் இறங்காது என்று டெல்லியில் நம்பியிருந்தார்கள். அக்டோபர் 20ந் தேதி காலையில் பீரங்கிகள் முழங்கின. யாலு நதியைச் சீனத் துருப்புகள் தாண்டி, அன்றோடு 12 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன.