மொட்டை மாடிக்குக் கீழே

மே மாதம், இரவு பத்து மணி. கட்டில்மேல் ஏறி நின்று சீலிங்கில் கை வைத்தேன். இட்லிப் பானை மூடிதான். கடற்காற்று வந்து ஊரே குளிர்ந்திருந்தது. மேல்மாடி வீட்டுக்கு மட்டும் அந்தச் சேதி வந்து சேரவில்லை. ஃபேனைக் கூட்டினால் அனல்தான் வேகமாக இறங்கியது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் அதை இரவில்தான் உள்ளே இறக்கும்.

அந்தக் காலத்துக் கொத்தனார்கள் இதை அறியாதவர்கள் அல்ல. மெட்ராஸ் டெரஸ் வீட்டில் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்தார்கள். கான்கிரீட் வந்த பிறகும் ‘வெதரிங் கோர்ஸ்’ என்ற பெயரில் அந்த ஜல்லியும் ஓடும் தொடர்ந்தன. நான் குடியிருந்த வீட்டில் அதுவும் இல்லை. வெறும் தளம், அதன்மேல் சிமென்ட் பூச்சு. செலவு மிச்சம், மின்கட்டணம் எப்படியும் வாடகைக்காரர் தலையில்தானே!

சட்டம் இல்லாமல் இல்லை. 2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம். 2007இல் வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு. வீடுகளுக்கென்று 2018இல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’. சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அது. கூரைக்குத் தனி வரம்பும் உண்டு. நல்ல விதிதான். ஆனால் கட்டட அனுமதி மாநிலத்தின் கையில் இருப்பதால், மாநிலம் தன் கட்டட விதிகளில் சேர்க்கும்வரை அது ஏட்டுச் சுரைக்காய். சேர்த்தாலும், 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனையை அது கண்டுகொள்வதில்லை. நம் கணக்கில் சொன்னால் இரண்டேகால் கிரவுண்டு. எங்கள் ஓனரின் மனை முக்கால் கிரவுண்டு.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் குடியிருப்புகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் மின்பளு 100 கிலோவாட் இருக்கவேண்டும். ஏசியே இல்லாமல் வேகிறவன் எந்த மீட்டரிலும் தெரியமாட்டான்.

தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ ஓடோ கூரைக்கு வேண்டும். ஐந்தாண்டுகளில் 300 சதுர கிலோமீட்டர் கூரை இலக்கு. அரசு, வணிகக் கட்டடங்களுக்குக் கட்டாயம். வீடுகளில் 600 சதுர கஜ மனையிலிருந்துதான் கட்டாயம். அதற்குக் கீழே அவரவர் விருப்பம். 600 சதுர கஜத்தைக் கிரவுண்டாக்கிப் பாருங்கள்: அதே இரண்டேகால்!

அகமதாபாத் வேறு முனையிலிருந்து தொடங்கியது. 2010 வெப்ப அலையில் பட்ட அடிக்குப் பிறகு, 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2017இல் குடிசைப் பகுதிகளின் கூரைகளில் சுண்ணாம்பு அடிக்க ஆளனுப்பியது. யாரிடமும் மனை அளவு கேட்கவில்லை.

நாமும் ஒருமுறை கேட்காமல் இருந்திருக்கிறோம். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு என்ற பேச்சே எழவில்லை. அவசரத்தில் பல வீடுகளில் குழாய் வந்தது, குழி வரவில்லை என்பது வேறு கதை. ஆனால் ஒரு விதி கடைசி வீடுவரை போக முடியும் என்பதை அப்போது பார்த்தோம்.

கடைசியில் ஓனரிடம் போய்ச் சுண்ணாம்பு அடிக்கவா என்று கேட்டேன். “தாராளமா அடிங்க சார். வாடகைல மட்டும் கழிச்சிக்காதீங்க” என்றார். ஒரு மூட்டை சுண்ணாம்பைக் கரைத்து, பசை கலந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் மொட்டை மாடி முழுக்க இரண்டு கை அடித்தேன். மறுநாள் இரவு மறுபடியும் கட்டில்மேல் ஏறினேன். சூடு இருந்தது, ஆனால் வைத்த கையை உடனே எடுக்கவேண்டியிருக்கவில்லை.

ஐப்பசி மழையில் பாதிக்குமேல் கரைந்துவிட்டது. குழியைத் தொடாத மழைநீர்க் குழாய் வழியாக வெள்ளை வெள்ளையாகத் தெருவில் ஓடியது.